வயல் மண்ணின் டி.என்.ஏ.விலிருந்து வைக்கோலை மட்கவைக்கும் நொதி கிடைக்குமா?

கேட்டவர் மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த முதுகலை மாணவர். குறுவை அறுவடை முடிந்து தாளடி நடுவதற்குள் வயலில் கிடக்கும் வைக்கோலும் அரிதாளும் மட்குவதில்லை, சிலர் கொளுத்தியும் விடுகிறார்கள் என்கிறார். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களை வளர்க்காமலே, மண்ணிலிருந்து நேராக டி.என்.ஏ. எடுத்துப் புதிய நொதிகளைக் கண்டுபிடிக்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதை எங்கள் வயல் மண்ணிலேயே செய்து, கிடைக்கும் நொதியை அப்பா வயலில் தெளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டெல்டா மண்ணிலிருந்து பயனுள்ள நொதியைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது ஒன்று. அது வரும் தாளடிக்கு உதவுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு முடியும் என்பேன். இரண்டாவதுக்கு இல்லை என்பேன். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நான் வலங்கைமான் பக்கம் வளர்ந்தவன். பதினைந்து வருடமாக மண்ணிலிருந்தும் எருவிலிருந்தும் டி.என்.ஏ. பிரித்து நொதி தேடுவதுதான் வேலை. என் கைப்பழக்கம் பாக்டீரியா பக்கம்தான். காளான்களைப் பற்றிச் சொல்வது படித்தும் சக ஆய்வாளர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. வயல் நிர்வாகத்தில் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குவோம். மண்ணை நீரில் கரைத்து ஊட்டத் தட்டில் பூசினால் முளைக்கும் கூட்டங்கள், நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் உயிர்களில் மிகச் சிறிய பங்கு. வழக்கமாகச் சொல்வது ஒரு சதவீதம். மண்ணையும் ஊட்டத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். 1990இல் நார்வேயில் டோர்ஸ்விக் குழு ஒரு காட்டு மண்ணின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்தச் சிறிய மாதிரிக்குள் ஏறத்தாழ 4,000 வெவ்வேறு பாக்டீரிய மரபணுத் தொகுதிகள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. 1998இல் ஜோ ஹேண்டல்ஸ்மனும் அவருடைய சகாக்களும் மண்ணில் உள்ள அத்தனை உயிர்களின் மரபணுக்களையும் ஒரே தொகுதியாகப் பார்க்கலாம் என்று சொல்லி அதற்கு மெட்டாஜீனோம் என்று பெயர் வைத்தார்கள். வளராத உயிரை வளர்க்க மல்லுக்கட்டாமல், அதன் டி.என்.ஏ.வை எடுத்து நமக்குப் பழக்கமான ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து வேலை வாங்குவதுதான் யோசனை. நெல் வயலே இதற்கு நல்ல சாட்சி. வேரடியில் மீத்தேன் உண்டாக்கும் ஒரு ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் வேறு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்) கூட்டம் பல வருடம் டி.என்.ஏ. வரிசையாக மட்டுமே அறியப்பட்டிருந்தது. 2007இல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதில் ஒன்றைத் தனியாக வளர்த்துக் காட்டினார்கள். மறு வருடம் அதற்கு மெத்தனோசெல்லா பலூடிகோலா என்று பெயர் வந்தது.

சரி, மண் டி.என்.ஏ. கையில் இருக்கிறது. அதற்குள் நொதியைத் தேட இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வேலையைப் பார்த்துத் தேடுவது. டி.என்.ஏ.வைச் சுமார் 40,000 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக்கி, ஃபாஸ்மிட் என்ற சுமைதாங்கியில் ஏற்றி, ஒவ்வொரு துண்டையும் ஒரு ஈ.கோலை செல்லுக்குள் புகுத்துகிறோம். அந்த ஒரு செல் பெருகி உண்டாகும் கூட்டம்தான் குளோன். இப்படி ஆயிரக்கணக்கான குளோன்கள் சேர்ந்ததுதான் நூலகம். அதைத் தட்டில் பரப்பி, எந்தக் குளோன் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கொழுப்பை வெட்டும் நொதி வேண்டுமென்றால் தட்டில் ட்ரைபியூட்டிரின் என்ற கொழுப்பைக் கலப்போம். பால்போல் கலங்கிய தட்டில் அந்தக் குளோனைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் விழும். தாவர நாரான செல்லுலோஸை வெட்டும் நொதி என்றால் காங்கோ ரெட் சாயம் ஊற்றி உப்புத் தண்ணீரில் அலசுவோம். செக்கச் சிவந்த தட்டில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உலகில் யாரும் வளர்த்தறியாத ஓர் உயிரின் வேலை கண்ணெதிரே நடக்கும்போது வரும் சந்தோஷம் பெரியது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி சுமார் 50 லட்சம் எழுத்து. 40,000 எழுத்துத் துண்டுகளாக அதை ஒரே ஒரு முறை மூட 125 குளோன் வேண்டும். 4,000 வகை என்றால் 5 லட்சம் குளோன். எல்லா வகையும் சம அளவில் இருந்தால்தான் இந்தக் கணக்கே செல்லும், மண்ணில் அப்படி இருப்பதில்லை. அப்புறம், துண்டு கிடைத்துவிட்டாலும் ஈ.கோலை அதைப் படித்துப் புரதமாக்க வேண்டுமே. 2004இல் 32 நுண்ணுயிர்களின் முழு மரபணுத் தொகுதிகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், இப்படி வெளிப்படக்கூடிய மரபணுக்கள் சராசரியாக 40 சதவீதம் என்றார்கள். எந்த உயிரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அது 7 முதல் 73 சதவீதம் வரை போனது. அதாவது வளையம் விழவில்லை என்பதை வைத்து நொதி இல்லை என்று ஒருபோதும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வழி, எழுத்தைப் படித்துத் தேடுவது. டி.என்.ஏ.வை அப்படியே வரிசைப்படுத்தி, கணினியில் துண்டுகளை ஒட்டி, ஏற்கெனவே தெரிந்த நொதிக் குடும்பங்களின் சாயல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பிடித்த மரபணுவைச் செயற்கையாக எழுதித் தரச் சொல்லிவிடலாம், மூல மண் திரும்பத் தேவையில்லை. 2011இல் வெளிவந்த பசு இரைப்பை ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். புல் செரிக்கும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வில் 268 நூறு கோடி எழுத்துகளைப் படித்தார்கள். மாவுச்சத்து, நார்ச்சத்து போன்றவற்றைக் கையாளக்கூடிய 27,755 மரபணுக்கள் சிக்கின. அதில் புரதமாக்கிச் சோதித்தவை 90. அந்த 90இலும் உண்மையில் வேலை செய்தவை பாதிக்குச் சற்று மேல், 57 சதவீதம். 27,755க்கும் 90க்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்தத் துறை. பட்டியல் வாங்குவது இன்று பணம் கொடுத்தால் நடக்கும். பட்டியலில் உள்ள ஒன்றைச் சரியாக மடிந்த, நீரில் கரையும் புரதமாக்கி, சூட்டில் நிற்கவைத்து, வைக்கோல் மேல் வேலை செய்யவைப்பதில்தான் வருடங்கள் போகின்றன. இந்த வழிக்கு இன்னொரு குறையும் உண்டு. தெரிந்ததன் சாயலைத்தான் அது தேடும். முற்றிலும் புதிய வகை நொதி எதிரே நின்றாலும் அதற்கு அடையாளம் தெரியாது.

இங்கே மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாக்டீரியாக்களை இனம்காணப் பயன்படும் 16எஸ் என்ற ஒரே ஒரு மரபணுவை மட்டும் பெருக்கிப் படித்துவிட்டு அதை மெட்டாஜீனோமிக்ஸ் என்று ஆய்வேட்டில் எழுதுகிறார்கள். அது ஊர் வாக்காளர் பட்டியல் மாதிரி. யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும். யார் கொத்தனார், யார் தச்சர் என்று சொல்லாது. நொதி தேடப் போகிறவருக்கு அது முன்னோட்டம்தான்.

வைக்கோலுக்கு வருவோம். வைக்கோலில் செல்லுலோஸ் நார், ஹெமிசெல்லுலோஸ் பசை, லிக்னின் மேலே பூசிய காரை. போதாக்குறைக்கு நெல் வைக்கோலில் சிலிக்கா பத்துச் சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். தட்டில் நாம் சோதிக்கும்போது போடுவது சி.எம்.சி. என்ற, நீரில் கரையும்படி பக்குவம் செய்த செல்லுலோஸ் தூள். அதை வெட்டும் நொதி வைக்கோலையும் வெட்டும் என்று நம்பி நான் முழுதாக ஒரு வருடத்தை இழந்திருக்கிறேன். வளையம் பிரமாதமாக விழுந்தது. அரைத்த வைக்கோலைக் கொடுத்தால், செல்லுலோஸ் வெட்டுப்பட்டு வர வேண்டிய சர்க்கரை ஏறவே இல்லை. அதற்கப்புறம் கடைசிச் சோதனைக்கு என்ன பொருளோ, அதையே முதல் சோதனையிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் வைத்துவிடுகிறேன்.

லிக்னின் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அதை நன்றாக உடைப்பவை, மரத்தை வெளுத்து அழுகவைக்கும் வெண்காளான்கள். 1983இல் முதன்முதலாகக் கண்டறிந்த லிக்னின் பெராக்சிடேஸ் அப்படியொரு காளானிலிருந்து வந்ததுதான். காளான் மரபணுக்களுக்குள் இன்ட்ரான் என்ற இடைச்செருகல்கள் உண்டு, ஈ.கோலைக்கு அவற்றை வெட்டி நீக்கத் தெரியாது. அதனால் மண் டி.என்.ஏ.வை நேராக ஈ.கோலைக்குள் வைக்கும் முறையில், வைக்கோலுக்கு மிகவும் வேண்டிய கெட்டிக்காரர்களே விடுபட்டுப் போகிறார்கள். அவர்களைப் பிடிக்க, இடைச்செருகல்கள் நீங்கிய மரபணு நகலான ஆர்.என்.ஏ.வை மண்ணிலிருந்து எடுத்து அதை டி.என்.ஏ.வாக மாற்ற வேண்டும். களிமண்ணில் அது டி.என்.ஏ. எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இவ்வளவு இருந்தும் முதல் கேள்விக்கு ஏன் முடியும் என்றேன்? ஜப்பானில் ஓசாகா ஆய்வாளர்கள் ஒரு பூங்காவில் இலையும் கிளையும் போட்டு மட்கவைத்த குப்பைமேட்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். ஈ.கோலை நூலகம், ட்ரைபியூட்டிரின் தட்டு, தெளிந்த வளையம், எல்லாம் மேலே சொன்ன பழைய முறைதான். 2012இல் அவர்கள் வெளியிட்ட க்யூட்டினேஸ் நொதி, இலையின் மேல் உள்ள மெழுகுப் படலத்தின் பாலியெஸ்டரை வெட்டக்கூடிய வகை. பாட்டில் பிளாஸ்டிக்கான பெட்டும் பாலியெஸ்டர்தானே, அதையும் வெட்டியது. 2020இல் பிரான்சில் ஒரு குழு அந்த நொதியில் சில இடங்களை மாற்றி, 72 டிகிரி வெப்பத்தில் 10 மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்தை அதன் மூலக்கூறுகளாகப் பிரித்துக் காட்டியது. அந்த நொதியைத் தந்த உயிரை யாரும் தனியாக வளர்த்துப் பார்த்து எடுக்கவில்லை. ஏன் அங்கே கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த மேட்டில் இலையைத் தின்றால்தான் பிழைப்பு. உள்ளே எப்போதும் கொதிப்பு. சூட்டில் நின்று பாலியெஸ்டர் வெட்டும் நொதி உள்ள உயிருக்கு அங்கே சாதகம் அதிகம். தேர்வு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது, அவர்கள் போய் எடுத்துவந்தார்கள்.

எனவே எந்த மண் என்று என்னிடம் கேட்பவர்களிடம், உங்கள் நொதி எந்தச் சூட்டில், எந்தப் புளிப்பில், எந்த உப்பில், எதை வெட்ட வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த நிலைமை ஏற்கெனவே இருக்கும் இடத்தை நம் டெல்டாவில் தேடினால் போதும், ஏராளமாக இருக்கிறது. பழைய செக்குக்குப் பின்னால் எண்ணெய் ஊறிக் கறுத்த மண்ணில் கொழுப்பு வெட்டும் நொதி. திருவையாறு பக்கம் வாழைத்தார் வெட்டிய பின் அழுகும் மட்டைக்கு அடியில், தாவரச் செல்களை ஒட்டவைக்கும் பசையான பெக்டினை வெட்டும் நொதி. வேதாரண்யம் உப்பளத்தில் கடும் உப்பிலும் கெட்டுப்போகாத புரதங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் உப்பும் காற்றின்மையும் அழுகும் இலையும் ஒன்றாகச் சேர்ந்த நிலைமை. இவற்றில் இன்ன நொதி நிச்சயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. வெறும் வயல் மண்ணைவிட வாய்ப்பு அதிகம் என்று சொல்கிறேன்.

வைக்கோல்தான் வேண்டுமென்றால் இரண்டு இடங்கள். வீட்டுக் கொல்லையில் பழைய வைக்கோல்போரின் அடி ஒன்று. மாட்டுச்சாணமும் கூளமும் கொட்டும் எருக்குழியின் நடுப்பகுதி இன்னொன்று. நடுவயலில் ஒரு கைப்பிடி மண் எடுத்தால், வைக்கோலோடு சம்பந்தமே இல்லாத ஆயிரம் உயிர்களின் டி.என்.ஏ.வைப் படிக்கத்தான் காசு போகும். வயல்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: கழுவிக் காயவைத்த வைக்கோலைச் சிறு நைலான் வலைப்பைகளில் கட்டி, குறுவை அறுத்த வயலில் ஒரு சாண் ஆழத்துக்குள் புதைத்துவையுங்கள். ஒரு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம் என்று எடுத்து, மண்ணை விட்டுவிட்டு அந்த வைக்கோலிலிருந்தே டி.என்.ஏ. பிரியுங்கள். பெரும்பாலும் தின்ன வந்தவர்களே அதில் ஒட்டியிருப்பார்கள். இதைச் செய்ய எந்தக் கல்லூரி ஆய்வகமும் போதும்.

டி.என்.ஏ. எடுக்கும்போது நம் களிமண் கொடுக்கும் தொல்லையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தெளிவாக வர வேண்டிய கரைசல் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அது மட்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம். அதோடு பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் முறை) வைத்தால் ஒன்றும் பெருகாது, மண்ணில் ஒன்றுமே இல்லையோ என்று மனம் சோர்ந்துவிடும். முதலில் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே வழி பிறக்கும். முதல் நாளிலிருந்தே மண் போடாத ஒரு வெறும் குழாயையும் கூடவே எல்லாப் படிகளிலும் கொண்டுபோங்கள். பிரிக்கும் கிட்டுக்குள்ளேயே பாக்டீரிய டி.என்.ஏ. கலந்திருப்பது 2014 முதல் நன்றாகத் தெரிந்த விஷயம். அதோடு, மண்ணில் கிடைக்கும் டி.என்.ஏ.வில் கணிசமான பங்கு இறந்துபோன செல்களுடையது. 2016இல் அமெரிக்க மண் மாதிரிகளில் அளந்தவர்கள் சராசரியாக 40 சதவீதம் என்றார்கள். நம் வண்டலில் அதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு மரபணு இருப்பதை வைத்து அந்த வேலை இப்போது நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

இனி அப்பாவின் வயல். நொதி என்பது உயிரில்லாத புரதம். தொட்டியில் சூட்டையும் புளிப்பையும் நாம் பிடித்துவைக்கிறோம், அங்கே அது உழைக்கும். வயலில் தெளித்தால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் நம் களிமண் அதைத் தன்மேல் இழுத்து ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை மற்ற நுண்ணுயிர்கள் தின்றுவிடும். லிக்னினை உடைக்கும் நொதிகளுக்கு ஆக்சிஜனோ ஹைட்ரஜன் பெராக்சைடோ வேண்டும். தண்ணீர் கட்டிய சேற்றில் மேலே சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது. அதனால்தான் தொழியில் அமுக்கிய தாள் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது, மீத்தேன் கொப்புளம் விடுகிறது. உயிருள்ள காளான் கலவைகள் வேறு ரகம். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டீகம்போசர் அப்படிப்பட்டது. அது வளர்த்தெடுத்த காளான்களால் ஆனது, மெட்டாஜீனோமில் பிறந்ததில்லை. அதற்கும் ஈரமும் காற்றும் சில வார அவகாசமும் வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் நம் ஊரில் குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே அந்த அவகாசம் கிடைப்பது சந்தேகம். முடிந்த அளவு வைக்கோலைக் கட்டு கட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே உழுது காற்றுப்படும்படி விடுவது நல்லது. கொளுத்த வேண்டாம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் எண்பது சதவீதத்துக்கு மேலும், தழைச்சத்தில் சுமார் நாற்பது சதவீதமும் வைக்கோலில்தான் நிற்கிறது. கொளுத்தினால் தழைச்சத்து கிட்டத்தட்ட அத்தனையும் புகையாகப் போய்விடும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் நுண்ணுயிரும் உயிரியல் வளம்தான். நீங்கள் படிப்புக்காக உங்கள் ஊரிலேயே ஆராய்வதில் சிக்கல் இல்லை. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது, காப்புரிமை கேட்பது, விற்பது என்று வந்தால் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் மாநில வாரியத்தின் விதிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: யார் கொல்லையில், யார் அனுமதியோடு எடுத்தோம் என்பது ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது பலன் வந்தால் அது அந்த ஊருக்கும் திரும்ப வேண்டும்.

கையில் பணம் இல்லையென்றாலும் தொடங்கலாம். உலகெங்கும் நெல் வயல்களிலிருந்தும் எருவிலிருந்தும் படித்த டி.என்.ஏ. வரிசைகள் பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. நைலான் பைகள் மண்ணுக்குள் இருக்கும் ஆறு வாரத்தில் அவற்றை வைத்துத் தேடிப் பழகுங்கள். போரடியில் மாதிரி எடுக்கும்போது மட்டும் கவனம்: வைக்கோலுக்குள் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் ஒதுங்கும், வெறுங்கையை விடாதீர்கள். நீண்ட கம்பியுள்ள தெர்மாமீட்டரை நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்து, மிகச் சூடான இடத்தில் எடுங்கள். எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆழ்குளிர்ப் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். உறையின் மேல் தேதி, ஆழம், சூடு, புளிப்பு அளவு, போர் போட்டு எத்தனை மாதமாயிற்று, என்ன ரக நெல் என்று எழுதுங்கள். கடைசி இரண்டும் அப்பாவுக்குத்தான் தெரியும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.